பிடிமண்ணும் செக்ரோலும்: வண்டிப்பெரியாரில் வம்சம் தேடுதல்

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வம்சத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் மூன்று தலைமுறைவரை பெயர்கள் கிடைக்கும். அப்பா, தாத்தா, மலையேறி வந்த பூட்டன். அதற்கு மேல் பெயர்கள் இல்லை. ஓர் ஊரும் ஒரு சாமியும் மட்டும் மிஞ்சும். சங்கரன்கோவில் பக்கம் என்றோ, கயத்தாற்றுப் பக்கம் என்றோ ஊர் சொல்லப்படும். சாமி சுடலைமாடனாக இருக்கலாம். கருப்பசாமியாக, காளியாக, ஏதாவதொரு சாஸ்தாவாக இருக்கலாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், தமிழும் மலையாளமும் ஒன்றுபோலப் பேசும் பேரப்பிள்ளையும் சொந்த ஊர் எதுவென்றால் அந்தக் கிழக்கத்தி ஊரையே சொல்கிறது.

இதற்குள் ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. பெயர் தெரியாத முன்னோருக்குச் செய்யும் வழிபாடு யாரைச் சேர்கிறது? பெயர்கள் மறந்துபோனால் வம்சம் அறுந்துபோகுமா, அல்லது வம்சம் பெயர்களைவிட வேறொன்றால் கட்டப்பட்டதா? அரச குடும்பங்கள், தோட்டத் தொழிலாளர்கள், கிறிஸ்தவ சபைகள், அரசு அலுவலகங்கள் என்று பலரும் இந்த மலையில் இக்கேள்விக்குத் தம்மளவில் விடை வைத்திருக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

வண்டிப்பெரியார் இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு வட்டத்தில், பெரியாற்றின் கரையில், கோட்டயம் – குமுளி சாலையில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கூடலூரையும் லோயர் கேம்பையும் தாண்டி மலைச்சாலை ஏறினால் குமுளி. அதற்கும் மேற்கே வண்டிப்பெரியார், பீருமேடு, குட்டிக்கானம், பிறகு முண்டக்கயத்துக்கு இறக்கம். கிழக்கிலிருந்து மேற்கே போன தமிழர்களின் வழிகளில் இதுவும் ஒன்று. இந்த வழியில் தொழிலாளிகளுக்கு வெகு காலம் முன்பே அரசர்கள் போனதாக மரபு சொல்கிறது.

பூஞ்சாறு அரச குடும்பத்தின் கதை அது. மதுரைப் பாண்டியர் கிளையைச் சேர்ந்த மானவிக்கிரம குலசேகரப் பெருமாள், நாட்டை இழந்து, மீனாட்சியைத் துணையாகக் கொண்டு மலை தாண்டி மேற்கே வந்து பூஞ்சாற்றில் நிலைகொண்டார் என்பது அவர்களின் குலக்கதை. பூஞ்சாற்றில் இன்றும் மீனாட்சி கோயில் இருக்கிறது. சபரிமலைக்குத் தென்மேற்கே இருக்கும் பந்தள அரச குடும்பமும் தன்னைப் பாண்டிய வழியினர் என்றே சொல்லிக்கொள்கிறது. இவ்விரு குடும்பங்களுக்கும் பெயர்கள் உண்டு, ஓலைகள் உண்டு, கோயில் உரிமைகள் உண்டு. வம்சம் அறியப்பட்டது என்று உலகம் ஒப்புக்கொள்ளும் எல்லாமே உண்டு.

ஆனாலும் ஒரு பெரிய மாற்றத்தை அந்தப் பெயர்ப்பட்டியல்கள் எளிதாகக் கடந்துபோகின்றன. பாண்டியர் தந்தை வழியினர். பந்தளமோ கேரளத்தின் பிற அரச குடும்பங்களைப் போல மருமக்கத்தாயத்தைப் பின்பற்றுவது. மலைக்குக் கிழக்கே மகனுக்குப் போன உரிமை மேற்கே சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிறது. வம்சத்தை எண்ணும் முறையே மாறிவிட்டது. குடும்பமோ தன்னை அதே குடும்பமாகக் கருதுகிறது. இரத்தத்தின் நேர்க்கோடுதான் வம்சம் என்றால் இந்தக் கோடு மலை முகட்டில் முறிந்திருக்க வேண்டும். முறியவில்லை என்று அந்தக் குடும்பம் நம்புவதற்குக் காரணம், கொண்டுவந்த தெய்வமும் அதற்குச் செய்துவரும் கடமையும்தான். பட்டயம் வைத்திருக்கும் அரசர்களின் விஷயத்திலேயே வம்சத்தைத் தாங்கி நிற்பது வழிபாடு என்றால், பட்டயம் இல்லாதவர்களின் விஷயத்தில் சொல்ல வேண்டியதில்லை.

பீருமேடு என்ற ஊரின் பெயரும் மேற்கு நோக்கிய ஒரு தமிழரின் பயணத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய சூபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா இந்த மலையில் தவமிருந்தார் என்பது மரபு. அவர் தமிழில் பாடியவர். குடும்ப வாரிசு என்பதைக் காட்டிலும் குருவிடமிருந்து சீடனுக்குச் செல்லும் வழியையே வம்சமாகக் கொள்வது சூபி மரபு. வம்சத்தை எண்ண அது இன்னொரு முறை.

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்த மலையின் கதை வேகமெடுக்கிறது. 1860களில் மிஷனரி ஹென்றி பேக்கரும் ஜான் டேனியல் மன்றோவும் பீருமேட்டு மலைகளில் காப்பி பயிரிட்டவர்களில் முன்னோடிகள். 1877இல் பூஞ்சாறு வலிய ராஜா மூணாற்றுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலைகளை மன்றோவுக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார். பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொண்ட குடும்பத்தின் கையிலிருந்த மலை இப்படித்தான் தோட்டமாயிற்று. காப்பி இலைநோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1886இல் திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. மேற்கே ஓடிய ஆற்றின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. அதே காலத்தில் கிழக்கின் வறண்ட கிராமங்களிலிருந்து மனிதர்கள் மேற்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். அணை வேலையில் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் பலியானவர்கள் ஏராளம். அவர்களில் பலரின் வம்சம் அந்தக் காட்டோடு முடிந்தது.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் வானம் பார்த்த பூமியில் முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக, பல சமயம் ஒரே தெருவிலிருந்தே ஆட்களைத் திரட்டி அழைத்து வந்தார். வந்தவர்களில் பெரும்பங்கினர் நிலமற்றவர்கள், தாழ்த்தப்பட்ட சாதியினர். ஊரில் இவர்கள் பெயரில் பட்டா இல்லை. பட்டா இருந்தால்தான் பெயர் ஏட்டில் ஏறும். ஆகவே இவர்களின் பெயர்கள் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறிய இடங்களில் முக்கியமானது தோட்டத்தின் செக்ரோல். கூலிக்காக எழுதப்பட்ட அந்த ஏடு, எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திராத வகையில் வம்ச ஆவணமாகவும் ஆகிவிட்டது.

செக்ரோலைக் கொண்டு வம்சம் தேடுவதில் சிக்கல்கள் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். முத்தையாவின் மகன் மாடசாமி, மாடசாமியின் மகன் மறுபடி முத்தையா. ஐம்பது அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே தோட்டத்தில் இரண்டு முத்தையாக்கள் வருவார்கள். குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். அந்த ஓரெழுத்தும் எழுத்தரின் காதில் விழுந்தபடிதான். முன்னோர் திரும்பிப் பிறக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வந்த பெயரிடும் முறை, முன்னோரை ஏட்டில் பிரித்தறிய முடியாதபடி செய்துவிடுகிறது. குடும்பத்துக்கோ அது குறையாகப் படுவதில்லை. தாத்தாவின் பெயர் வீட்டில் மறுபடி கூப்பிடப்படுகிறது என்பதே அவர்களுக்கு நிறைவு.

கல்லறைகளும் இதே கதையைச் சொல்கின்றன. குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்றில் ஹென்றி பேக்கர் 1869இல் நிறுவிய புனித ஜார்ஜ் ஆலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் மன்றோவும் வேறு பல ஐரோப்பியர்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மன்றோவின் குதிரைக்கும் அங்கே கல்லறை உண்டு. அதன் பெயர் டௌனி என்று வருகிறவர்களுக்குச் சொல்லப்படுகிறது. காட்டை வெட்டிச் செடி நட்ட தமிழர்களைத் தோட்டத்தின் ஒரு மூலையில் புதைத்தார்கள். மண்மேடு சில மழைக்காலங்களில் கரைந்தது. குதிரையின் பெயர் தெரிந்த மலையில் அந்த மனிதர்களின் பெயர் தெரியாது. இது அநீதி, இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. ஆனால் பெயர் பொறிக்கப்படாததால் அவர்களுக்கு வாரிசு இல்லை என்று ஆகாது. இதை அந்த வாரிசுகளின் வழிபாட்டில் பார்க்கலாம்.

தோட்டங்களில் இருவகைத் தெய்வங்கள் உண்டு. ஒன்று தோட்டத்து மாரியம்மனோ முருகனோ. எல்லாச் சாதிக்கும் எல்லா லயத்துக்கும் பொது. திருவிழாவுக்குத் தொழிலாளிகளின் கூலியிலிருந்து பணம் பிடிக்கப்படும். நிர்வாகமும் கொஞ்சம் தரும். வேலை சேர்த்துவைத்த ஊருக்கு இது ஊர்ச்சாமி. மற்றொன்று குலதெய்வம். அது ஒரு வம்சத்துக்கு மட்டும் உரியது; பெரும்பாலும் கிழக்கே, பழைய ஊரில், கண்மாய்க் கரையிலோ பனங்காட்டிலோ இருப்பது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க முடியாது. எந்தப் பூட்டன் எந்தப் பூட்டனுக்கு அண்ணன் என்று யாருக்கும் நினைவில்லாதபோதும், கல்யாணப் பேச்சின் முதல் கேள்வியான ‘உங்களுக்கு எந்தச் சாமி’ என்பதிலேயே வம்சத்தின் எல்லை தெரிந்துவிடுகிறது.

இந்த உறவை நடைமுறையில் பிடித்து வைத்திருப்பது வரி. கோயில் விழாவான கொடை நடத்த முடிவானதும் கோயில் பெரியவர்கள் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. பல கோயில்களில் அதற்கென்று நீளமான கணக்கு நோட்டு இருக்கும். வரிசையாகப் பெயர், பக்கத்தில் தொகை, வெளியூரில் இருந்தால் ஊர்ப்பெயர். வண்டிப்பெரியார், மூணாறு, வால்பாறை, கொழும்பு என்று அந்த ஓரக்குறிப்புகளை வைத்தே ஒரு வம்சம் சிதறிய வழியை வரைந்துவிடலாம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் புதுத் தலைக்கட்டு சேரும். தகப்பன் இறந்தால் ஒரு வரி குறையும். பிறப்பையும் இறப்பையும் இந்த நோட்டு நேராகக் குறிப்பதில்லை. கடமை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதையே குறிக்கிறது. நாற்பது வருஷம் ஊர்ப்பக்கம் வராதவன் வரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அவன் பங்காளிதான். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே வரி கட்ட மறுத்தவனைக் கோயில் ஒதுக்கிவிடலாம். இங்கே வம்சம் என்பது ஒருவரைப் பற்றிய தகவல் அல்ல, அவர் தொடர்ந்து செய்துவரும் செயல்.

போக்குவரத்து வசதியில்லாத காலத்தில், கங்காணிக்குக் கடன்பட்ட குடும்பம் ஆண்டுதோறும் ஊருக்குப் போய்வர முடியாது. அதற்கு நாட்டார் சமயம் கண்ட வழி பிடிமண். மூலக் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் முறையாகக் கேட்டு, சாமியாடியின் வாயால் உத்தரவு பெற்று, சாமியின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். குடியிருக்கும் இடத்தில், ஒரு மரத்தடியில், அந்த மண்ணைப் போட்டுப் பீடம் எழுப்புவார்கள். கல் நடலாம், சூலம் நடலாம், வெறும் செங்கல்லாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து சாமி அங்கேயும் இருக்கிறது. மூலக் கோயிலில் அதனால் எதுவும் குறைவதில்லை. தோட்டப்பகுதிகளில் கொழுந்துக் காட்டின் ஓரத்தில், மரம் ஒன்றின் அடியில் தனியாக நிற்கும் பீடங்களில் சில இப்படி வந்தவை. கூரை இராது, செவ்வாயோ வெள்ளியோ ஒரு விளக்கு எரியும்.

தத்துவ நோக்கில் பிடிமண் எளிய விஷயமல்ல. பூர்வ மீமாம்சையில், குறிப்பாகச் சபரரின் உரையில், தெய்வத்துக்கு உடல் கிடையாது. அவிசை யாருக்கென்று கொடுக்கிறோமோ அந்தப் பெயரே தெய்வம். பெயர் பிழைத்தால் யாகம் பிழைக்கும். வைதிகத் தர்ப்பணமும் அந்தச் சிந்தனைக்கு நெருக்கமானது. தகப்பன், பாட்டன், முப்பாட்டன் மூவரையும் கோத்திரமும் பெயரும் சொல்லி, வசு, ருத்திரர், ஆதித்தியர் வடிவில் அழைத்துத் தண்ணீர் விடுவார்கள். சிராத்தத்தில் மூவருக்கு மட்டுமே பிண்டம். அவர்களுக்கும் மேலே இருக்கும் மூவருக்கு, பிண்டம் பிடித்த கையில் ஒட்டியிருப்பதைத் துடைக்கும்போது அந்த ஒட்டு போய்ச் சேரும் என்கின்றன தர்ம நூல்கள். அதற்கும் அப்பால் உள்ளவர்கள் பெயரற்ற பிதிர்க் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். பெயரின் மேல் இவ்வளவு கவனம் வைத்த மரபும் மறதிக்கு இடம் விட்டே வைத்திருக்கிறது. கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்லலாம். செய்வதற்கு ஆளில்லாமல் போனவர்கள் அனைவருக்கும் பொதுவாக நீர் விடும் ஒரு பகுதியும் உண்டு.

பிடிமண் வேறொரு கோட்பாட்டிலிருந்து புறப்படுகிறது. அங்கே இணைப்பு இடத்திலும் பொருளிலும் இருக்கிறது. பெயர் இரண்டாம் பட்சம். தெற்கத்தித் தெய்வங்கள் பலவும் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்து கொலையுண்டவர்கள், அகால மரணம் அடைந்தவர்கள் என்பதை நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களும் அ.கா. பெருமாள் போன்றோரின் கள ஆய்வுகளும் காட்டுகின்றன. அப்படிச் செத்தவர் ஒருவர் தெய்வமாகி, தன்னைக் கொன்ற வம்சத்துக்கோ காத்த வம்சத்துக்கோ குலதெய்வம் ஆகிறார். எல்லா முன்னோரின் பெயரையும் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டிய பாரத்தை அந்த ஒரு தெய்வம் எடுத்துக்கொள்கிறது. சாமிக்குப் படைத்தால் அதற்கு முன் படைத்தவர்களோடும் சேர்ந்து உண்டதாகிறது. திருவள்ளுவர் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை முதலில் வைத்தபோது அவர்களின் பெயர் தெரிய வேண்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை.

சார்வாகர்களின் பழைய மறுப்பு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தில் அது இருக்கிறது: இறந்தவருக்கு இங்கே இடும் சோறு அங்கே போய்ச் சேருமானால், வழிப்பயணம் போகிறவனுக்கு வீட்டிலேயே படைத்துவிடலாம், கட்டுச்சோறு எதற்கு என்பது அதன் சாரம். பயணம் போன மக்களிடம் கேட்கும்போது இக்கேள்விக்குக் கூர்மை கூடுகிறது. மலையில் செய்தது ஊரில் சேருமா? சோறு வயிற்றை நிறைப்பதுதான் படையலின் நோக்கம் என்று கொண்டால் சார்வாகருக்கு மறுமொழி இல்லை. ஆனால் படைப்பவர்கள் அப்படிக் கருதுவதில்லை. சாமி கும்பிட்டு முடிந்ததும் படையல் கூடியிருக்கும் பங்காளிகளுக்கே பங்கு பிரிக்கப்படுகிறது. எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்பதில் தகராறு வந்து கோயில் பிளவுபட்டதும் உண்டு. இறந்தவரின் பசியைக் காட்டிலும் இருப்பவர்களின் உறவே அந்தப் பங்கில் தீர்மானமாகிறது. தர்ம நூல்கள் பிதிர்க்கடன் என்று சொல்வதும் இதற்குத் தூரமில்லை. கடன் கொடுத்தவரின் முகம் மறந்துபோனாலும் கடன் இருக்கிறது. வாங்கியவர் அதை ஒப்புக்கொள்கிறவரை உறவும் இருக்கிறது.

உலகின் மறுகோடியில் இதற்கு நேர்மாறான ஒரு சமயம் உண்டு. ஜோசப் ஸ்மித் 1830இல் தொடங்கிய மார்மன் சபையினர் துன்புறுத்தலுக்குத் தப்பி அமெரிக்காவில் மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போய், 1847இல் பிரிகாம் யங் தலைமையில் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்களின் கோட்பாடு. அதைப் பெயர் சொல்லி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். ஆகவே பெயர் தேடுவதே வழிபாட்டின் பகுதியாயிற்று. 1894இல் யூட்டாவில் ஒரு வம்சாவளிச் சங்கமே அமைத்தார்கள். உலகெங்குமிருந்து படம்பிடித்த பதிவேடுகளை ஒரு கருங்கல் மலையைக் குடைந்து பாதுகாக்கிறார்கள். அந்தக் கோட்பாட்டின்படி, பெயர் கிடைக்காத முன்னோருக்கு மீட்பின் வாசல் இன்னும் திறக்கவில்லை. அங்கே முன்னோரை மீட்பது சந்ததியின் பொறுப்பு. கொடை கொடுக்கும் குடும்பத்தில் சந்ததியைக் காப்பது முன்னோரின் பொறுப்பு. ஒரு சமயத்துக்குப் பெயர் இன்றியமையாததாகவும் இன்னொன்றுக்கு இல்லாததாகவும் இருப்பதன் காரணம் இந்தத் திசை வேறுபாட்டில் இருக்கிறது.

வண்டிப்பெரியார்த் தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. சிலர் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே கிறிஸ்தவர்களாக வந்தவர்கள். சிலர் மலையில் சேர்ந்தவர்கள். சேர்ந்தபோது குலதெய்வத்தை விட்டார்கள்; வரி நோட்டிலிருந்து பெயர் போயிற்று; ஞானஸ்நானப் பதிவேட்டில் புதுப்பெயர் ஏறிற்று. தகப்பன் வீட்டை விட்டுப் புறப்படச் சொன்ன குரலை நம்பிய ஆபிரகாமின் கதை அவர்களுக்கு அந்நியமானதல்ல. புதிய ஏற்பாடு வம்ச வரலாற்றை இருவிதமாகக் கையாள்கிறது. மத்தேயு சுவிசேஷம் தலைமுறை அட்டவணையோடுதான் தொடங்குகிறது. அதில் தாமார், ராகாப், ரூத் என்ற பெண்களுக்கும் இடமுண்டு. தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட நிருபங்களோ முடிவில்லாத வம்ச அட்டவணைகளில் மனத்தைச் செலுத்த வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. மேற்கிலிருந்து மலையேறி வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் குடும்ப யோகம் கூட்டிக் குடும்ப சரித்திரம் அச்சிடுகின்றன. அவற்றில் பல முதல் நூற்றாண்டின் தோமாவரை கோட்டை நீட்டுகின்றன. அதே மலையில், அதே விசுவாசத்தில், தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவருக்கு அப்படி ஒரு நூல் இல்லை.

இந்த இல்லாமையையே சமயத்தின் மையமாக்கியவர் பொய்கையில் அப்பச்சன். 1879இல் திருவல்லாவை அடுத்த இரவிபேரூரில், அடிமைகளாக இருந்த சாதியில் பிறந்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். கிறிஸ்தவ சபைகளில் இருந்து பிரசங்கித்து, அங்கும் சாதி நீங்காததைக் கண்டு வெளியேறி, பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார், 1939இல் மறைந்தார். தம் மக்களைப் பற்றி எந்த வரலாறும் எழுதப்படவில்லை என்ற துயரம் அவர் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தாயிடமிருந்து பிள்ளையும், புருஷனிடமிருந்து பெண்சாதியும் பிரித்து விற்கப்பட்டதைச் சொல்லிக் கூட்டத்தை அழவைப்பார். பெயர் தெரியாத அந்த முன்னோரின் துன்பத்தைக் கண்டே கடவுள் இரங்கினார் என்பது அவர் போதனை. முன்னோரின் பெயர்கள் கிடைக்கவில்லை. பட்ட பாடு கிடைத்தது. அதை ஒன்றுகூடி நினைப்பதே வம்சத்தை மீட்டது. வண்டிப்பெரியாரின் பிடிமண்ணுக்கும் இரவிபேரூரின் கண்ணீருக்கும் வழிமுறை வேறு. எழுதப்படாத முன்னோரும் முழு முன்னோரே என்ற உறுதி ஒன்று.

அரசு இந்த உறுதியை ஏற்பதில்லை. அட்டவணைச் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. அந்தத் தேதிக்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவருக்குப் புதிய மாநிலத்தில் அட்டவணைச் சாதிச் சலுகை கிடையாது. ஆகவே இடுக்கித் தோட்டங்களின் தாழ்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்குப் போகும்போது, 1950க்கு முன்பே தாத்தாவோ பூட்டனோ இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கப்படுகிறது. பெயர், வருஷம், தோட்டம். சாமியின் பெயரையும் வரி நோட்டையும் காட்டினால், குடும்பம் கிழக்கத்தியது என்பதற்கே அவை சாட்சியாகும். உதவக்கூடியது செக்ரோல்; ஆனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் பீருமேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது அந்த ஏடுகளைத் தேடிப் பிடிப்பதும் கடினமாயிற்று. அதே ஆணை மதத்தையும் கணக்கில் எடுக்கிறது: கிறிஸ்தவராக மாறியவரின் பூட்டன் யாராக இருந்தாலும் அவர் பட்டியலுக்கு வெளியே. இதேபோல இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் தந்தை அங்கே பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ அத்தாட்சி கேட்டு, அது இல்லாத இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அங்கேயும் இங்கேயும் கேட்கப்பட்டது வம்சாவளிதான். தண்டிக்கப்பட்டது, பெயரை எழுதிவைக்க யாரும் முன்வராத மக்கள்.

வரி நோட்டின் மீதும் ஒரு குறை உண்டு. அதை மறைத்தால் அநியாயம். அதில் பெண்கள் இல்லை. கல்யாணமானால் பெண் புருஷனின் சாமிக்கு மாறிவிடுகிறாள். பிறந்த வீட்டு வம்சத்திலிருந்து அவள் பெயர் உதிர்கிறது, புகுந்த வீட்டில் தலைக்கட்டாக எண்ணப்படுவதில்லை. தேயிலைத் தோட்டத்தை நடத்துவதோ பெண்ணின் விரல்கள். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வம்சத்தின் ஏட்டில் விடுபட்ட பூட்டியின் பெயர், தனிப்பேர் கொண்ட தொழிலாளியாகச் செக்ரோலில் இருக்கிறது. தலைமுறைகளுக்கு வீட்டைக் காத்துக் கொடுத்ததும் பல இடங்களில் அவளே. வேலையில் ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்து வேலையில் சேர்ந்தால்தான் அந்த ஓரறை வீடு தங்கும். அம்மாவின் வேலைக்கு மருமகள் வந்து நிற்பாள். மாமியார் – மருமகள் வழியாக நகரும் இந்தக் கோட்டை எந்தக் கோயிலும் கணக்கெடுக்கவில்லை. வம்சம் என்பது செய்துவரும் கடமைதான் என்றால், இவர்களை விட்டுவிட்டு எழுதப்பட்ட எந்த வம்சமும் பாதி வம்சமே.

இந்த மலையின் பெருந்தெய்வத்தின் கதை இக்கேள்விக்கு இன்னொரு முகம் தருகிறது. பந்தள ராஜா பம்பைக் கரையில் கண்டெடுத்த குழந்தை மணிகண்டன். புராணம் அவனை ஹரிக்கும் ஹரனுக்கும் பிறந்த மகன் என்கிறது. எடுத்து வளர்த்த அரசனுக்கோ அவன் தாய் தகப்பன் தெரியாத பிள்ளை. பாண்டிய வம்சம் என்று பெருமை பேசிய குடும்பத்தின் பெயரைக் காலத்தில் நிலைநிறுத்தியது, அந்த வம்சத்தில் பிறக்காத ஒரு பிள்ளை. மகரவிளக்குக்குத் திருவாபரணப் பெட்டி இன்றும் பந்தளத்திலிருந்துதான் போகிறது. தகப்பன் வீட்டு நகை என்ற உரிமையில். வண்டிப்பெரியாரிலிருந்து சத்திரம், புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடைபாதை உண்டு. இங்குள்ள நெல்லைக் குடும்பங்கள் கார்த்திகையிலும் மார்கழியிலும் இந்த வழியே சபரிமலைக்கு நடக்கின்றன. பங்குனி உத்திரத்துக்குக் கிழக்கே தங்கள் சாஸ்தாவிடம் போகின்றன. ஐயப்பனும் சாஸ்தாவும் ஒருவரே என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. தங்கள் சாஸ்தா எதுவென்றே மறந்துபோனவர்கள் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடலாம் என்பது தென்மாவட்ட வழக்கு. அவரே ஆதி சாஸ்தா. மறந்தவர்களையும் தன் பிள்ளைகளாக ஏற்பவர். வம்சம் தொலைந்தவர்களுக்கும் ஒரு வம்சத்தை ஒதுக்கி வைத்திருக்கும் சமயம் அது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலரின் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றின் பாரதி நகர். சொந்தக்காரர்கள் அங்கிருந்து மலையேறி வந்தார்கள். தலைமுறைகள் கடந்த பிறகும் அங்கே துக்கம் காக்கத் தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். உடல்களை மலையிலேயே அடக்கம் செய்தார்கள். சொந்த ஊர் கிழக்கே, சொந்த மண் மேற்கே என்று ஆகிவிட்ட வம்சம் இது. எந்தச் சான்றிதழிலும் இரண்டையும் சேர்த்து எழுத இடமில்லை.

தோட்ட வேலை சுருங்கிய பின் இளையவர்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். திருப்பூர், கோயம்புத்தூர், எர்ணாகுளம், வளைகுடா நாடுகள். அவர்களின் பிள்ளைகளுக்கு முதல் முடியெடுப்பும் காதுகுத்தும் எங்கே வைப்பது என்ற பேச்சு வீடுகளில் எழுகிறது: பூட்டன் விட்டு வந்த மூலக் கோயிலிலா, பூட்டன் கொண்டுவந்த மண்ணின் மேல் மலையில் எழுந்த பீடத்திலா? நாட்டார் வழக்கு இதில் கட்டாயம் எதுவும் வைப்பதில்லை. பிடிமண்ணால் எழுந்த கோயிலும் முழுக் கோயில்தான். அங்கிருந்தும் பிடிமண் எடுக்கலாம். எடுப்பவர் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும்; எங்கே போனாலும் கொடைக்கு வரி அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும்.